கல்வெட்டும் ‘அ’ பதிவேடும்: கோவளம் – மாமல்லபுரம் கரையின் நில வரலாறு
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று தோழர்கள் கேட்டபோது, மாமல்லபுரம் என்று சொன்னேன். சுற்றுலாத் தலத்தைப் பற்றியா என்று ஒருவர் சிரித்தார். ஆமாம், சுற்றுலாத் தலத்தைப் பற்றித்தான். செங்கல்பட்டு மாவட்டத்துத் தலித்துகளுக்கு அக்டோபர் மாதம் துக்க மாதம். 1994 அக்டோபர் 10 அன்று இந்த மாவட்டத் தலைநகரில் நிலம் கேட்ட இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் கேட்ட நிலத்தின் கதையும் நாம் விடுமுறைக்குப் போகிற கடற்கரையின் கதையும் ஒரே மாவட்டத்தின் ஒரே கதை. ஆனால் அவற்றை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இன்று சேர்த்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம், மாமல்லபுரம் என்று ஊர்கள் வரும். இடப்பக்கம் கடல். வலப்பக்கம் பக்கிங்காம் கால்வாய். நடுவே உள்ள மணல் பட்டையில் விடுதிகள், பண்ணை வீடுகள், கேளிக்கைப் பூங்காக்கள். மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். 2021–22ஆம் ஆண்டில், கட்டணம் வசூலிக்கும் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம்தான். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்துப் பேசியதும் இங்கேதான்.

வருகிறவர்களுக்கு வழிகாட்டி சொல்லும் வரலாறு மூன்று வரிகளில் அடங்கும். பல்லவ அரசன் கட்டினான். கடல் சில கோயில்களை விழுங்கியது. வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்தான். அரசன், கடல், வெள்ளைக்காரன். இந்த வரலாற்றில் இந்த ஊரின் மனிதர்கள் ஒருவர்கூட இல்லை.

பூஞ்சேரிப் பாறை

மாமல்லபுரத்துக்கு மேற்கே, நடந்தே போகிற தூரத்தில் பூஞ்சேரி இருக்கிறது. அங்கே ‘நொண்டி வீரப்பன் தொட்டி’ என்று ஊர் மக்கள் சொல்லும் இடத்தில் ஒரு பாறை. அதில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கொல்லன் ஸேமகன் என்று அந்த வரிசை போகிறது. மாமல்லபுரத்தில் கல் செதுக்கியவர்களின் பெயர்கள் இவை என்று மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

கடற்கரைக் கோயிலிலும் குகைகளிலும் அரசர்களின் பட்டப் பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தொழிலாளிகளின் பெயர்கள் மட்டும் ஊருக்கு வெளியே ஒரு பாறையில். அந்தப் பட்டியலில் ‘கொல்லன்’ இருப்பதைக் கவனியுங்கள். கருங்கல்லைக் கொத்தினால் உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே உலை வைத்து உளியைக் காய்ச்சி அடித்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால் சிற்பி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உடன் உழைத்தவர்கள் அவரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் உடைத்த கல்லை அள்ளிக் கொட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், அத்தனை பேருக்கும் நெல் விளைவித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பாறையிலும் இல்லை. பதிவு என்பதற்கு எப்போதும் ஒரு வரம்பு இருந்திருக்கிறது. அந்த வரம்புக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று கேட்பது நம் வேலை. பூஞ்சேரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கே திரும்பி வருவோம்.

கோட்டை, உப்பு, கால்வாய்

கோவளத்தின் கதை துறைமுகத்தின் கதை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த ஆஸ்டெண்டு வணிகர்கள் இங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் இங்கே ஒரு கோட்டை கட்டி, சாதத் பந்தர் என்று பெயரிட்டார். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் சூழ்ச்சியால் அதைப் பிடித்தார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார். கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தக் கோட்டை இருந்த இடத்தில் 1974இல் தொடங்கப்பட்டதுதான் இந்தக் கரையின் பெரிய நட்சத்திர விடுதிகளில் முன்னோடியான ஃபிஷர்மேன்ஸ் கோவ். மீனவரின் வளைகுடா என்று பொருள். மீனவர் பெயர்ப் பலகையில் வந்துவிட்டார்.

கோவளம் உப்புக்கும் பேர்போன ஊர். உப்பளத்தில் வெயிலில் நிற்பது யார், உப்பை வாரிக் குவிப்பது யார் என்று இந்த அரங்கத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த உப்பும் விறகும் சென்னைக்குப் போன வழி பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தனியார் முயற்சியாகத் தொடங்கிய கால்வாய் அது. பிறகு தெற்கே மரக்காணம் பக்கம் வரை நீண்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண முகாமில் மண் வெட்டியவர்களுக்கு ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். கால்வாய்க்கு வைத்த பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது. பூஞ்சேரிப் பாறையில் இருந்த நேர்மைகூட இங்கே இல்லை.

கடற்கரைச் சாலை வருவதற்கு முன்னால் சென்னைக்காரர்கள் மாமல்லபுரம் போவதற்கு இந்தக் கால்வாய்ப் படகுகள்தான் ஒரு வழி. 1930களில் பாரதிதாசனும் சுயமரியாதை இயக்க நண்பர்களும் அப்படிப் போனார்கள். அவர் எழுதிய ‘மாவலிபுரச் செலவு’ சிற்பங்களோடு நிற்காமல், படகை இழுத்த உழைப்பாளிகளையும் திரும்பிப் பார்க்கிறது. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் இப்படித் திரும்பிப் பார்த்தவை மிகக் குறைவு.

மிராசும் சேரி நத்தமும்

இப்போது நிலத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு மிராசு முறையின் கோட்டை. கிராமத்தின் விளைநிலம் மட்டுமல்ல, தரிசு, ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றிலும் பரம்பரைப் பங்கு கொண்டாடியவர்கள் மிராசுதார்கள். பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். அவர்களிடம் பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தவர்கள் பறையர்கள். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்றது. ஆனால் அடிமைச் சாசனம் போன இடத்தில் கடன் பத்திரம் வந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க்காகத் தன்னையும் தன் பிள்ளைகளையும் எழுதிக் கொடுப்பது தொடர்ந்தது.

இந்த நிலையில் ஒரு பறையர் குடும்பம் விடுபட ஒரே வழி சொந்த நிலம். தரிசு நிலத்துக்கு அரசிடம் தர்க்காஸ்து போடலாம் என்று விதி இருந்தது. ஆனால் செங்கல்பட்டில் அந்த மனுவின் மேல் மிராசுதாருக்கு முன்னுரிமை. நாம் மனுப் போட்டால் மிராசுதார் ‘அது எனக்கு வேண்டும்’ என்று சொன்னால் போதும். அவர் உழ வேண்டியதில்லை. நமக்குக் கிடைக்காமல் இருந்தால் அவருக்குப் போதுமானது. தரிசு தரிசாகவே கிடக்கும், கூலி ஆள் கூலி ஆளாகவே இருப்பான். அதைவிடக் கொடுமை, சேரி இருந்த நத்தத்தின் மேலும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடிசையின் தரை நம்முடையது இல்லை. கூலி உயர்த்திக் கேட்டவனை வேலையை விட்டு மட்டுமல்ல, ஊரை விட்டே துரத்த முடிந்தது.

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. டிரமென்ஹீர் இதையெல்லாம் எழுதி அரசுக்கு அனுப்பினார். செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய அந்தக் குறிப்பு இன்று நமக்கு ஓர் ஆதார ஆவணம். மனு எழுதவும் வழக்காடவும் நம் மக்களுக்குத் துணை நின்ற ஆடம் ஆண்ட்ரூ போன்ற செங்கல்பட்டு மிஷனரிகளும் அதே காலத்தில் அரசை நெருக்கினார்கள். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. வருவாய் வாரியம் டிரமென்ஹீர் மிகைப்படுத்துகிறார் என்று சொல்லிப் பெரும்பாலான பரிந்துரைகளைத் தட்டிக் கழித்தது. மிஞ்சி வந்தது 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010/10ஏ எண் அரசாணை. அதன் வழியே ஒதுக்கப்பட்டவற்றைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு.

இதை ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் இரக்கத்தால் வந்த கொடை என்று சொல்லும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அது சரியில்லை. டிரமென்ஹீர் எழுதுவதற்கு முன்பே நம் முன்னோர்கள் மனுப் போட்டார்கள், மறுக்கப்பட்டார்கள், மறுபடியும் போட்டார்கள். அவர் அறிக்கையில் இருக்கும் விவரமெல்லாம் அந்த மறுக்கப்பட்ட மனுக்களிலிருந்து வந்தவை. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அரசாணை வந்த மறு ஆண்டே, 1893இல், ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். நிலம் கேட்ட குரலும் பெயரை மறைக்காமல் எழுதிய குரலும் ஒரே காலத்தில் எழுந்தவை.

நிபந்தனைகள் உங்களுக்குத் தெரியும். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறிய விற்பனை செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து ஒடுக்கப்பட்டவருக்கே கொடுக்க வேண்டும்.

மணலுக்கு விலை வந்தபோது

கொடுத்த நிலம் பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று விட்ட நிலம். மேடு, தரிசு, உவர். கிணறு வெட்டக் கையில் காசு இல்லை. மழை பொய்த்தால் கடன். கடனுக்கு அடமானம். வெற்றுத்தாளில் கைநாட்டு. நிலம் இப்படித்தான் போனது. பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், களத்தில் நாம் யு.டி.ஆர். என்று சொல்வது. பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ என்றும் ‘நிபந்தனை ஒப்படை’ என்றும் இருந்த குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமல், அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பட்டா போன கதைகளை நிலமீட்புப் பணியில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். ஒரு குறிப்பை எழுதாமல் விட்டால் போதும், ஏக்கர் கணக்கில் நிலம் கைமாறிவிடும்.

1990களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு கிழக்குக் கடற்கரைச் சாலை உருவானது. கிராமச் சாலைகளாகக் கிடந்தவை இணைந்து, அகன்று, 2002இல் சுங்கச் சாலையானது. அதுவரை ஏக்கரில் பேசிய நிலம் கிரவுண்டிலும் சதுர அடியிலும் பேசப்பட்டது. பட்டா, பவர், லேஅவுட் என்ற சொற்கள் சேரிக்குள் வந்தன.

விலை ஏறத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் காரணை மக்கள் எழுந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போயிருந்தது. மக்கள் அந்த நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டு நியாயம் கேட்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் இறந்தார்கள். டிரமென்ஹீர் அறிக்கை எழுதப்பட்ட அதே செங்கல்பட்டில், 103 ஆண்டுகள் கழித்து, அந்த அறிக்கையின் பலனைக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது குண்டு. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலம் என்ற சொல் அரசியல் சொல்லானது அவர்கள் இரத்தத்தால்தான். அதற்குப் பிறகுதான் நிலமீட்பு மாநாடுகள், வழக்குகள், 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையிலான குழு எல்லாம் வந்தன.

இந்தக் கரையில் உள்ள விடுதிகள் எல்லாம் பஞ்சமி நிலத்தில் நிற்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் பேசினால் நம் வழக்கைத்தான் பலவீனமாக்குவோம். புல எண் வாரியாகப் பழைய பதிவேட்டைப் பார்க்காமல், எதுவும் பஞ்சமி நிலத்தில் இல்லை என்று யாரும் சொல்லவும் முடியாது. அந்தப் பதிவேட்டைப் பொதுவில் வை என்பதுதான் கோரிக்கை.

அலையோரம் யாருடையது

கடலோரத்தில் நிலத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போகிறது: காலங்காலமாகப் புழங்கிய உரிமை. மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் குடும்பத்தோடு வந்து, மணலில் குச்சி நட்டுச் சேலையால் குடில் கட்டித் தங்குவார்கள். அலையோரத்தில் மணலால் படி கட்டிக் கன்னியம்மாளை வணங்குவார்கள். விடியற்காலையில் அங்கேயே பெண் பார்ப்பார்கள், கல்யாணம் பேசுவார்கள், தாலி கட்டுவார்கள். ஐயரும் இல்லை, மண்டபமும் இல்லை. அந்த மணலுக்கு அவர்களிடம் பட்டா இல்லை. ஆனால் அந்தக் கடல் அவர்களுக்குத் தாய்வீடு.

1970களில் வனவிலங்குச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, பாம்புத் தோலை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலைப் பண்ணை வளாகத்தில், பயணிகள் வேடிக்கை பார்க்கும் அந்த இடத்தில் எடுக்கப்படும் நஞ்சுதான், நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பெரிதும் உதவுகிறது. நாட்டில் எங்கோ பாம்பு கடித்துப் பிழைக்கும் விவசாயக் கூலியின் உயிரில் இந்தக் கரை இருளரின் பங்கு இருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது கிடைத்த அதே சமூகத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைக்கும் இன்னும் மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல் உள்வாங்கியபோது புதைந்த கற்கள் தெரிந்தன. அலை வாரிப்போன மணலுக்கு அடியில் கிடைத்த தடயங்களைப் பின்பற்றி, சாளுவன்குப்பத்தில் பழைய முருகன் கோயிலைத் தொல்லியல் துறை தோண்டியெடுத்தது. உலகச் செய்தியாளர்கள் அதை எழுதினார்கள். அதே அலை இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. நிவாரணம் படகையும் வலையையும் கணக்கில் வைத்தது. படகு இல்லாதவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர்கள், மீன் சுமந்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்த தலித்துகள் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற வரையறைக்குள் வரவே போராட வேண்டியிருந்தது. சில முகாம்களில் உடன் உட்காரவும் இடம் மறுக்கப்பட்டது. பிணங்களை எடுக்க மட்டும் நம்மவர்கள் லாரியில் கொண்டுவரப்பட்டார்கள். மீனவர்களின் இழப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 2005 மார்ச்சில் வந்த 172ஆம் எண் அரசாணை, கரையிலிருந்து தள்ளிப்போய்ப் புது வீடு பெறுபவர்கள் பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும் என்றது. கரை காலியானால் யாருக்கு வசதி என்று மீனவர்கள் கேட்ட கேள்வி நமக்கும் உரிய கேள்வி. சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் சாதி நம்மைப் பிரித்து வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீண்டும் பூஞ்சேரி

2021இல் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண் எழுப்பி அனுப்பப்பட்டார். ‘எங்களுக்கு ஏன் சோறு இல்லை’ என்று அவர் கேட்ட காணொளியை நாடே பார்த்தது. அமைச்சர் வந்து அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டு தீபாவளியன்று, நவம்பர் 4ஆம் தேதி, முதலமைச்சர் நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் குடும்ப அட்டையும் கொடுத்தார். அவர் வந்த ஊர் பூஞ்சேரி.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலையில், 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடங்கியது. அதற்கு அரங்கமான விடுதி வளாகம் இருப்பதும் பூஞ்சேரியில்தான்.

ஒரே ஊர். ஒரு பாறையில் உழைத்தவர் பெயர்கள். ஒரு பக்கம் உலகமே வந்து விளையாடிய விடுதி. ஒரு பக்கம், ஒரு பெண் சோற்றுப் பந்தியில் நின்று வாதாடிய பிறகே பட்டா வந்துசேர்ந்த குடும்பங்கள். மனு நூற்றுக்கணக்கில் கிடக்கும்போது அசையாத நிர்வாகம் ஒரு காணொளிக்கு அசைகிறது. அசைந்தது நல்லதுதான். ஆனால் உரிமை என்பது காணொளி எடுக்கப்பட்டவருக்கு மட்டும் கிடைப்பதாக இருக்கக் கூடாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மாமல்லபுரம் போங்கள். கல்லைப் பாருங்கள், அதைச் செதுக்கியவர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். அப்படியே பூஞ்சேரிப் பாறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு உங்கள் சொந்த ஊருக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புல எண் புல எண்ணாக ஒப்பிடுங்கள். பழையதில் ‘டி.சி.’ என்று இருந்து புதியதில் இல்லாமல் போன ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணுக்கு எதிரே, அந்த நிலம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பாட்டன் பெயரையும் எழுதுங்கள்.

பூஞ்சேரியில் உளிகாய்ச்சிய கொல்லனின் பெயரைக்கூட உடன் உழைத்தவர்கள் விட்டுவிடவில்லை. நம் பாட்டன் பெயரை நாம் விட்டுவிட வேண்டாம்.

ஜெய்பீம்.